திரையில் ஓடுவது யாருடைய விலை?

(திண்டுக்கல்லில் வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பூட்டுக்குப் பேர்போன ஊரில், வியாபாரம் நடக்கிற நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஒரு சொற்பொழிவு கேட்க வந்திருக்கிறீர்கள். அந்தப் பூட்டுக்கு நான் மதிப்புக் கொடுத்தாக வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறேன்.

இன்றைய பொருள் ஒரே ஒரு கேள்வி. உங்கள் கைப்பேசியில் ஒரு பங்கின் பெயருக்கு எதிரே ஓர் எண் மின்னுகிறது. ஒரு நொடி பச்சை, மறுநொடி சிவப்பு. அது யாருடைய விலை? கம்பெனியின் விலையா? வாங்குகிறவர் விலையா? விற்கிறவர் விலையா? உங்கள் கைக்கு வரப்போகும் விலையா?

எந்த ஷேரை வாங்கலாம் என்று சொல்வான் என எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில், பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. பங்குச் சந்தைப் பாடம் மட்டும் நடத்துகிறேன் என்பவர்கள், கடைசி மூன்று மாதத்து விலைகளை எடுத்துக்காட்டிப் பேசக்கூடாது என்று அதில் இருந்தது. பாடம் என்ற பெயரில் டிப்ஸ் விற்கிறவர்களுக்குப் போட்ட கடிவாளம் அது. எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. நான் இன்று சொல்லப்போகும் விலைகள் எல்லாம் பழைய விலைகள். பழைய விலையைக் கேட்டு யாருக்கும் ஆசை வராது. அறிவு மட்டும் வந்தால் வரும்.

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு வியாழக்கிழமை போயிருப்பீர்கள். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போன பெரியவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். மாட்டுச் சந்தையில் தரகர் எப்படி விலை பேசினார்? தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விற்கிறவரின் விரலைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டு விரலைச் சேர்த்து அமுக்கினால் ஒரு தொகை. வாய் பேசாது. முகம் காட்டிக்கொடுக்காது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு மாடு தெரியும், மூக்கணாங்கயிறு தெரியும், பல் தெரியும், சுழி தெரியும். விலை மட்டும் தெரியாது.

பங்குச் சந்தை செய்தது என்ன? அந்தத் துண்டை எடுத்துவிட்டது. எந்த விரலை யார் பிடிக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் துண்டு போன பிறகும், நம்மில் பலர் விரலைப் பார்ப்பதில்லை. மாட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

துண்டு ஒரே நாளில் போய்விடவில்லை. சென்னையின் பங்குச் சந்தை 1937-இல் அமைந்தது. இரண்டாவது கடற்கரைச் சாலையில் நெடுங்காலம் இயங்கியது. தரகர்கள் கூவி வாங்கினார்கள், கூவி விற்றார்கள். திண்டுக்கல்லில் இருந்தவருக்கு அந்த விலை எப்போது தெரியும்? மறுநாள் காலைச் செய்தித்தாளில், பொடி எழுத்தில். அவசரம் என்றால் டிரங்க் கால் போட்டுத் தரகரைக் கேட்க வேண்டும். "இந்த விலைக்கு முடித்தேன்" என்று அவர் சொன்னால் அதுதான் விலை. அன்று சந்தையில் அதற்கும் குறைவாகக் கிடைத்ததா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது?

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. பங்கு வணிகத்தைத் திரையில் தொடங்கியது. 1875-இல் பிறந்த மும்பைப் பங்குச் சந்தையும் அடுத்த ஆண்டு மார்ச்சில் திரைக்கு மாறியது. கூவல் ஓய்ந்தது. கோவையிலும் சென்னையிலும் இருந்த சந்தைகளில் வணிகம் வற்றியது. கோவைச் சந்தை 2013-லும் சென்னைச் சந்தை 2015-லும் கதவை அடைத்தன. நம் மாநிலத்துச் சந்தைகள் போயினவே என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. மும்பை தலால் தெருவில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் விலையை நம் பேகம்பூரில் உட்கார்ந்திருப்பவரும் அதே நேரத்தில் பார்க்க முடிவது சாதாரணக் காரியமா?

அதே நேரத்தில் என்று சொன்னேன். அதிலும் ஒரு சிறு திருத்தம் உண்டு. சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே தங்கள் கணினிகளை வைத்துக்கொள்ளக் கட்டணம் கட்டும் பெரிய நிறுவனங்களுக்கு அந்த எண் உங்களுக்கும் எனக்கும் முன்னே போய்ச் சேருகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இடைவெளி முன்னே. அந்த ஏற்பாட்டில் சிலருக்கு மற்றவர்களைவிடச் சலுகை கிடைத்ததா என்ற விவகாரம் 2019-இல் செபி ஆணை, பிறகு மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. விலைத் தகவல் என்பதே ஒரு சரக்கு, அதற்கும் ஒரு விலை உண்டு என்று அந்த வழக்கிலிருந்து நாடு தெரிந்துகொண்டது. உங்கள் கைப்பேசியில் இலவசமாக வருவது அந்தச் சரக்கின் கடைசித் தரம். சில இணையதளங்கள் கால் மணி நேரம் தாமதமாகக் காட்டுகின்றன. ஓரத்தில் சிறு எழுத்தில் அதைச் சொல்லியும் விடுகின்றன. அந்தச் சிறு எழுத்தை எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

இனி திரைக்கு வருவோம். ஒரு பங்கின் பெயரைத் தொட்டால் என்னென்ன வருகின்றன? முந்தைய நாள் முடிவு விலை. இன்றைய தொடக்க விலை. உச்சம். தாழ்வு. கடைசியாக நடந்த விலை. இவற்றில் உச்சமும் தாழ்வும் யாருக்கும் புரியும். மற்ற மூன்றும் பார்ப்பதற்கு எளிது, உள்ளே கொஞ்சம் சூட்சுமம்.

தொடக்க விலை, காலை 9.15-க்கு முதலில் வந்து முந்திக்கொண்டவர் போட்ட விலை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 9 மணியிலிருந்தே ஒரு முன் அமர்வு நடக்கிறது. 2010 அக்டோபரில் வந்த ஏற்பாடு. முதல் ஏழெட்டு நிமிடம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஆர்டர்களைக் கொட்டுகிறார்கள். எந்த ஒரு விலையில் அதிகமான பங்குகள் கைமாற முடியுமோ அந்த விலையைக் கணினி பொறுக்கி எடுக்கிறது. அதுதான் தொடக்க விலை.

முடிவு விலையும் அப்படித்தான். பிற்பகல் 3.30-க்கு நடந்த கடைசி வியாபாரம் அல்ல அது. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வியாபாரங்களை எண்ணிக்கையோடு பெருக்கி எடுக்கும் சராசரி. நெடுங்கால வழக்கம் இது. காரணம் என்ன? 3.29-க்கு ஒரு குறும்புக்காரர் பத்தே பத்து ஷேரை ஏற்றிய விலைக்கு வாங்கி, அன்றைய முடிவையே தூக்கிவிடக் கூடாது அல்லவா? அதனால்தான் சில நாள் மாலையில் உங்கள் பங்கு மூன்றரை மணிக்குக் காட்டிய விலை ஒன்றாகவும், பிறகு பதிவான விலை வேறாகவும் இருக்கும். கம்ப்யூட்டர் கோளாறு என்று தரகரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். கடைசியாக நடந்த விலை. எல்.டி.பி. என்று சொல்வார்கள். பெரிய எழுத்தில் மின்னுவது அதுதான். அந்தப் பெயரிலேயே கடந்த காலம் இருக்கிறது. யாரோ ஒருவர், யாரோ ஒருவரிடம், சற்று முன் முடித்துக்கொண்ட விலை. அவர்கள் முடித்தார்கள், போய்விட்டார்கள். அந்த விலை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று யார் சொன்னது?

கணக்காகவே பார்த்துவிடுவோம். ஒரு சிறிய நூற்பாலைக் கம்பெனி. கற்பனைக் கம்பெனிதான், பெயர் வேண்டாம். திரையில் 84 ரூபாய் 10 காசு என்று பெரிதாகத் தெரிகிறது. உங்களிடம் 1,000 பங்கு இருக்கிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். 84,100 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டீர்கள். விற்பதற்கு முன், அந்த எண்ணுக்குக் கீழே விரலை வைத்துத் தள்ளிப் பாருங்கள். ஐந்து வரி வாங்குகிறவர்கள் பக்கம், ஐந்து வரி விற்கிறவர்கள் பக்கம் இருக்கும். ஆங்கிலத்தில் டெப்த் என்பார்கள். சந்தையின் ஆழம். கிணற்றில் இறங்குமுன் ஆழம் பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம்; இங்கே மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

வாங்குகிறவர்கள் பக்கம் என்ன எழுதியிருக்கிறது? 83 ரூபாய் 50 காசுக்கு 40 பங்கு வேண்டும் என்கிறார் முதல் வரிக்காரர். 83.20-க்கு 110 பங்கு. 82.60-க்கு 300. 81-க்கு 50. 80.05-க்கு 500. ஐந்து வரியும் சேர்த்துச் சரியாக 1,000. இப்போது நீங்கள் "மார்க்கெட் ஆர்டர்" போடுகிறீர்கள். அதாவது, என்ன விலை கிடைக்கிறதோ அந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறீர்கள். கணினி உங்கள் சொல்லைத் தட்டாது. முதல் 40-ஐ 83.50-க்குக் கொடுக்கும். அடுத்து 110, அடுத்து 300 என்று படி இறங்கி, கடைசி 500-ஐ 80 ரூபாய் 5 காசுக்குக் கொடுத்து முடிக்கும். கூட்டிப் பாருங்கள். கைக்கு வருவது 81,347 ரூபாய். நீங்கள் நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் 2,753 ரூபாய் வித்தியாசம். தரகுக் கட்டணமும் வரியும் இன்னும் கழிக்கவில்லை.

யார் ஏமாற்றினார்கள்? யாருமே ஏமாற்றவில்லை. எல்லாம் திரையிலேயே இருந்தது. ஒரு எண்ணுக்குக் கீழே இருந்தது.

இதே படி இறங்குதல் பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. 2012 அக்டோபர் 5. காலை பத்து மணி ஆகவில்லை. ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறுதலாக 59 ஆர்டர்கள் என்.எஸ்.இ.க்குப் போயின. 650 கோடி ரூபாய்க்கு மேல் பெறுமான விற்பனை. விலை வரம்பு கிடையாது, கிடைத்த விலைக்கு விற்கும் ஆர்டர்கள். வாங்குகிறவர் வரிசையை மேலிருந்து கீழ்வரை அவை விழுங்கின. அந்தச் சந்தையின் குறியீட்டெண்ணான நிஃப்டி முந்தைய நாளைவிடப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் விழுந்து 4,888-ஐத் தொட்டது. வணிகம் கால் மணி நேரம் நின்றது. பிறகு நிஃப்டி எழுந்து கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்தது. அந்த ஒரு கணத்தில் இந்தியாவின் பெரிய கம்பெனிகளின் மதிப்பு பதினைந்து சதவீதம் குறைந்துவிட்டதா? தொழிற்சாலை எரிந்ததா? ஒன்றும் இல்லை. ஆழம் அவ்வளவுதான் இருந்தது, அதற்கு மேல் சரக்கைக் கொட்டினார்கள்.

ஆகவே சின்னப் பங்குகளில் கை வைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே தொழில் குறிப்பு இதுதான். லிமிட் ஆர்டர் போடுங்கள். இந்த விலைக்குக் கீழே விற்காதே, இந்த விலைக்கு மேலே வாங்காதே என்று எழுதிக் கொடுங்கள். வியாபாரம் முடியாமலும் போகலாம். முடியாமல் போவதும் ஒரு தகவல்தான்.

விலை தெரிகிறது, ஆனால் அந்த விலைக்கு வியாபாரமே நடக்காது என்ற நிலையும் உண்டு. சர்க்யூட் என்கிறோமே, அது. பல பங்குகளுக்கு ஒரு நாளைக்கு 2, 5, 10 அல்லது 20 சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். கீழ் எல்லையில் போய் நின்றுவிட்டால் விற்கிறவர்கள் வரிசையில் லட்சம் பங்கு நிற்கும். வாங்குகிறவர்கள் பக்கம் பூஜ்யம். திரையில் விலை அழகாக இருக்கும். விற்க முடியாது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

விலை தெரிந்தும் வியாபாரம் இல்லாத கதைகளின் உச்சம் எது தெரியுமா? எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். மும்பைக் கம்பெனி. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அந்தக் கம்பெனிக்கு மொத்தமே 2 லட்சம் பங்குகள். பெட்டிக்குள் இருக்கும் சொத்தில் பெரும்பகுதி ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகள். கணக்குப் புத்தகப்படி ஒரு பங்கின் மதிப்பு 5 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட. சரி, சந்தையில் அது என்ன விலைக்குக் கிடந்தது? 3 ரூபாய் 53 காசு! ஒரு டீ விலைகூட இல்லை. ஏன் யாரும் வாங்கவில்லை? வாங்க ஆள் ஏராளம். விற்க ஆள் இல்லை. ஐந்தரை லட்சத்துக்கு மேல் பெறுமான பொருளை மூன்றரை ரூபாய்க்கு எந்தப் பைத்தியம் விற்கும்? விலை ஏற வேண்டும் என்றால் வியாபாரம் நடக்க வேண்டும். ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம் என்ற எல்லை இருப்பதால் நியாயமான விலை கேட்கவும் வழியில்லை. ஆகவே 3.53 அப்படியே ஆணி அடித்தது போல் நின்றது.

இதைப் பார்த்த செபி, இப்படிப்பட்ட முதலீட்டுக் கம்பெனிகளுக்காக எல்லை இல்லாத ஒரு தனி ஏலத்துக்கு வழி செய்தது. 2024 அக்டோபர் 29 அன்று எல்சிட்டுக்கு ஏலம் நடந்தது. 2,25,000 ரூபாயில் தொடங்கிய பங்கு அன்று மாலை 2,36,250-இல் முடிந்தது. மூன்றரை ரூபாயிலிருந்து இரண்டேகால் லட்சத்துக்கு மேல், ஒரே நாளில்! மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. "ஒரு லட்சம் போட்டிருந்தால் இன்று எத்தனை கோடி தெரியுமா?" என்று எனக்குத் தெரிந்தவர் எல்லாம் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குப் போட்ட ஒருவராவது 3.53-க்கு யார் விற்றிருப்பார்கள் என்று கேட்டார்களா? போட முடியாத ஒரு லட்சத்துக்கு என்ன வட்டி?

நண்பர்களே, 3.53 என்பது யாருடைய விலை? எவருடைய விலையும் அல்ல. எப்போதோ நடந்த வியாபாரத்தின் தடம். அதைத் திரை நேற்றைய விலைபோலக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு விலையைப் பார்த்ததும், அது எப்போது நடந்தது, எத்தனை பங்கு கைமாறியது என்று பக்கத்தில் பாருங்கள். வால்யூம் என்ற இடத்தில் இருக்கும். அதில் எத்தனை டெலிவரிக்குப் போனது என்பதையும் சந்தை தினமும் வெளியிடுகிறது. காலையில் வாங்கி மாலையில் விற்றவர்கள் எத்தனை, வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் எத்தனை என்று அதில் தெரியும்.

விலையைப் படிப்பதில் இன்னொரு மயக்கமும் உண்டு. விலை அதிகம் என்றால் காஸ்ட்லி, விலை குறைவு என்றால் சீப். இந்த நோய் படித்தவர்களையும் விடவில்லை. எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அந்த எண்ணைத் தொட்ட முதல் பங்கு. திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி என்று நமக்குப் பெருமை வேறு. அம்மாடி, ஒரு லட்சமா என்று வாய் பிளந்தோம். அதே நாளில் ஐ.டி.சி. பங்கு 450 ரூபாயை ஒட்டி இருந்தது. புகையிலை ஊர்க்காரர்களுக்கு அந்தக் கம்பெனியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எது பெரிய கம்பெனி? எம்.ஆர்.எஃப்.க்கு மொத்தப் பங்குகள் 42 லட்சத்துச் சொச்சம். லட்சத்தால் பெருக்கினால் 42 ஆயிரம் கோடி. ஐ.டி.சி.க்கோ 1,240 கோடிப் பங்குகள். பெருக்கினால் ஐந்தரை லட்சம் கோடி. ஒரு லட்சம் ரூபாய்ப் பங்கைவிட 450 ரூபாய்ப் பங்கின் கம்பெனி பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெரியது. எத்தனை துண்டாக நறுக்கினார்கள் என்று தெரியாமல், ஒரு துண்டின் விலையை மட்டும் வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

நறுக்குவதும் நடுவில் நடக்கும். 2024 அக்டோபர் 28 காலை ரிலையன்ஸ் பங்கு வைத்திருந்த பலருக்கு நெஞ்சு படபடத்தது. முந்தைய வேலை நாளில் 2,650 ரூபாயை ஒட்டி முடிந்த பங்கு, அன்று 1,330-ஐ ஒட்டித் தெரிந்தது. சில செயலிகள் ஐம்பது சதவீதம் சரிவு என்று சிவப்பில் காட்டின. நடந்தது என்ன? ஒன்றுக்கு ஒன்று போனஸ். பங்கு இரட்டிப்பானது, விலை பாதியானது. போன் போட்டு "விற்றுவிடவா" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அதைக் கேட்கப் புரோக்கர் இருந்தது அவர்கள் நல்ல காலம்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். இந்த அவையில் வேடசந்தூர் சாலை நூற்பாலைக்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு விலை படிக்கச் சொல்லித்தர நான் யார்? பங்குச் சந்தைக்காரர்கள்தான் உங்களிடம் கற்க வேண்டும்.

2022 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பஞ்சு கண்டி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய மாதம். நூல் விலை கூடவே ஏறியது, திருப்பூர் கொதித்தது, இங்கே பல ஆலைகளில் கதிர் ஓடுவதா நிற்பதா என்ற கேள்வி. ஏப்ரலிலேயே மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை நீக்கியிருந்தது. அந்த நாட்களில் ஆலை அலுவலகங்களில் இரண்டு விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று குஜராத்தின் சங்கர்-6 பஞ்சு, கண்டிக்கு இத்தனை ரூபாய். இன்னொன்று நியூயார்க் சந்தை, பவுண்டுக்கு இத்தனை சென்ட். இரண்டும் பஞ்சுதான். எது மலிவு?

வெறும் எண்ணைப் பார்த்தால் சொல்ல முடியுமா? ஒரு லட்சம் எங்கே, 150 எங்கே! கணக்குப் போட்டால்தான் வரும். ஒரு கண்டி என்பது 356 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பவுண்டில் 784. நியூயார்க்கில் அந்த மே மாதம் பவுண்டு ஒன்றரை டாலரை ஒட்டி ஆடியது. 784-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 1,176 டாலர். டாலர் 77 ரூபாய் என்றால் 90 ஆயிரத்து 552 ரூபாய். அப்படியானால் அமெரிக்கப் பஞ்சு கண்டிக்கு ஒன்பதாயிரம் மலிவா? அவசரப்படாதீர்கள் என்று உங்கள் கொள்முதல் மேலாளர் சொல்லியிருப்பார். அந்த நியூயார்க் விலை பின்னொரு மாதத்தில் ஒப்படைக்கிற பஞ்சுக்கு. இந்த ஒரு லட்சம் இன்றைக்கு லாரி ஏறும் பஞ்சுக்கு. அதற்கு மேல் கப்பல் கூலி, தூத்துக்குடியிலிருந்து லாரி வாடகை, நடுவில் ரூபாய் விழுந்தால் அந்த நட்டம். பஞ்சின் நீளம் என்ன, ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, எந்த ஊர் ஜின்னிங்கிலிருந்து ஏற்றுகிறார்கள், எத்தனை நாள் கடன்? இத்தனையும் கேட்ட பிறகுதான் உங்கள் வாயில் "சரி" என்ற சொல் வரும்.

பஞ்சு வாங்கும்போது பத்துக் கேள்வி கேட்கிற அதே மனிதர், மாலையில் வீட்டில் உட்கார்ந்து ஷேர் வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்காமல் பச்சை நிறத்தைப் பார்த்து அமுக்குகிறாரே, அது எப்படி? ஈரம் பார்க்கிற கை எங்கே போயிற்று?

முன்பேர வணிகமான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் நான் அதிகம் போகப் போவதில்லை. ஒரே ஒரு தகவல். செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அந்தப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களிடம் விலைத் தகவல் இல்லாமலா போயிற்று? நொடிக்கு நொடி இருந்தது. வேண்டியதற்கு மேலேயே இருந்தது.

தகவல் நின்றுபோன ஒரு நாளும் உண்டு. 2021 பிப்ரவரி 24. காலை பத்து மணியைத் தாண்டியதும் நிஃப்டி எண் நகராமல் நின்றுவிட்டது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு. 11.40-க்கு என்.எஸ்.இ. வணிகத்தையே நிறுத்தியது, மாலை 3.45-க்குத் திறந்து 5 மணி வரை நடத்தியது. எண் நின்றதற்கும் வணிகம் நின்றதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரம். நிற்கிற எண்ணைப் பார்த்துச் சந்தை அமைதியாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் எத்தனை பேரோ. வணிகம் நின்றிருந்த நேரத்தில் மும்பைச் சந்தை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே பங்குக்கு அங்கே ஒரு விலை, இங்கே நின்றுபோன விலை. இரண்டு சந்தை இருப்பதன் அருமை அன்று தெரிந்தது.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். இதுவரை நான் பேசியதெல்லாம் உண்மையான திரையைப் பற்றி. இப்போது பொய்த் திரையே வந்துவிட்டது. வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ப்பார்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். பார்க்க அசல் தரகர் செயலி போலவே இருக்கும். எல்.டி.பி. ஓடும், பச்சை மின்னும், நீங்கள் போட்ட ஐம்பதாயிரம் ஒரு வாரத்தில் ஒன்றரை லட்சமாகத் தெரியும். ஆசைக்கு ஒருமுறை ஐயாயிரம் எடுக்கவும் விடுவார்கள். பிறகு நகையை வைத்துப் பணம் போடுவீர்கள். எடுக்கப் போனால் வரி கட்டு, கமிஷன் கட்டு என்பார்கள். அந்தத் திரையில் ஓடிய விலை யாருடைய விலை? எந்தச் சந்தையிலும் நடக்காத விலை. ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவன் தட்டிய எண்.

அசலையும் போலியையும் எப்படிப் பிரிப்பது? திரையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. திரைக்கு வெளியே பாருங்கள். பதிவு பெற்ற தரகர் ஒருவர் மூலம் நீங்கள் ஒரு பங்கு வாங்கினால், ஒரு நாளைக்குள் காண்ட்ராக்ட் நோட் வந்தாக வேண்டும். அதில் ஆர்டர் எண் இருக்கும், வியாபார எண் இருக்கும், எத்தனை மணிக்கு எத்தனையாவது நிமிடத்தில் நடந்தது என்று இருக்கும், எந்த விலைக்கு எத்தனை பங்கு என்று வரிவரியாக இருக்கும். அடுத்த வேலை நாளில் பங்கு, பங்குகளை மின்வடிவில் வைக்கும் உங்கள் டிமேட் கணக்குக்கு வந்துவிட வேண்டும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் அதுதான் கெடு. அந்தக் கணக்கைக் காப்பது தரகர் அல்ல, என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். என்ற பங்குக் காப்பகம். அவர்களுடைய தளத்தில் நேராகப் போய்ப் பாருங்கள். அங்கே இல்லாத பங்கு உங்களிடம் இல்லை. தனிநபர் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலே அது தரகு நிறுவனம் கிடையாது. அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் மறைக்காதீர்கள். இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அந்த மணி நேரத்திலேயே அழையுங்கள். பணம் கைமாறுமுன் முடக்க வழி உண்டு.

அழைப்பிதழில், காண்ட்ராக்ட் நோட் இருப்பவர்கள் ஒரு பிரதி கொண்டு வரலாம் என்று போடச் சொல்லியிருந்தேன். பல கைகளில் காகிதம் தெரிகிறது. முன்வரிசை மேசைக்கு வாருங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மடித்து மறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆர்டர் எத்தனை துண்டாக, என்னென்ன விலைக்கு முடிந்தது என்று அந்தக் காகிதத்திலேயே கூட்டிப் பார்ப்போம்.